மேட்டுக் கோட்டைகளும் என் சைக்கிள் வாடிக்கையாளர்களும்

சைக்கிள் சுற்றுலா வழிகாட்டி என்றால் காற்று வாங்கிக்கொண்டு ஊர் பார்க்கிற வேலை என்று சனம் நினைக்கிறது. உண்மையில் இது, வளர்ந்த ஆட்களைப் பள்ளிக்கூடச் சுற்றுலா கூட்டிக்கொண்டு போகிற வேலை. "தண்ணி குடிச்சாச்சா, ஹெல்மெட் எங்கே, இப்ப ஏன் சண்டை" என்பதுதான் கோடை முழுக்க என் வாயில். வாடிக்கையாளருக்குச் சிரித்துக் காட்டியே கன்னம் நொந்த யாராவது இதை வாசித்தால், கிட்ட வந்து இருங்கள். எங்களுக்குள் கதைக்க நிறைய இருக்கிறது.

நான் சுவிஸில், ரெனான் என்ற ஊரில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளை. லொசானில் உள்ள ஒரு சின்ன நிறுவனத்துக்காக, ஜூரா மலை தாண்டிப் பிரான்சின் நாட்டுப்புறத்துக்கு ஆட்களை அழைத்துப் போகிறேன். பாதை பழைய கோட்டை ஊர்களைத் தொட்டுத் தொட்டுப் போய், சுற்றிவர மதில் உள்ள லாங்ர் பட்டினத்தில் முடியும். முன்னால் நான் சைக்கிளில். பின்னால் எல்லாருடைய பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு வான் வண்டியில் குகன் அண்ணை. யாழ்ப்பாணத்தில் இருந்து அகதியாக வந்து, இன்டர்லாக்கன் ஹோட்டல் ஒன்றின் சமையலறையில் கனகாலம் நின்று, அந்தச் சூடு ஒத்துவராமல் வான் ஓட்ட வந்தவர்.

போடரில் ஒருத்தரும் இல்லை

முதல் நாளே காட்டுப் பாதை வழியாகப் பிரான்சுக்குள் போய்விடுவோம். கேட் இல்லை, கொடி இல்லை; பாசி பிடித்த ஒரு எல்லைக்கல் மட்டும். மொனிக்கா என்ற ஆசிரியைக்கு அது பெரிய ஏமாற்றம். பாஸ்போர்ட்டைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு வந்திருந்தார். ஒரு அதிகாரி வந்து கேட்க வேண்டும், அவரோடு நின்று படம் எடுக்க வேண்டும் என்று திட்டம். "ஒருத்தரும் கேட்காவிட்டால் நாடு மாறினதாக எனக்கு எப்படித் தெரியும்?" என்று கல்லைவிட்டு நகர மாட்டேன் என்கிறார். மற்றவர்களை நுளம்பு கடித்துத் தின்கிறது.

பக்கத்து வீதியில் வானை நிறுத்திவிட்டுத் தண்ணீர்ப் போத்தல்களோடு வந்த குகன் அண்ணை, ஏன் எல்லாரும் நிற்கிறோம் என்று கேட்டார். சொன்னேன். அவர் அந்தக் காலத்தில் சுவிஸுக்குள் வந்தது லொறியின் பின்பக்கம், பெட்டிகளுக்கு நடுவில், மூச்சுச் சத்தத்தைக்கூட அடக்கிக்கொண்டு. மொனிக்காவின் பாஸ்போர்ட்டைப் பார்த்தார். குனிந்து கல்லைத் தடவினார். பிறகு எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "நான் வந்த நேரம் இப்பிடி ஒரு கல்லை ஒருத்தரும் எனக்குக் காட்டேல்லை, தங்கச்சி."

கோட்டை ஏன் மேலே

பொந்தார்லியே ஊருக்குக் கிட்ட ஒரு கோட்டை, செங்குத்தான பாறைக்கு மேல் நிற்கும். கீழே நின்று அதைப் பார்த்ததும் எந்தக் கூட்டமும் என்னைத்தான் முறைக்கும், நானே கட்டினது மாதிரி. பேர்ன் நகரத்து அம்மா ஒருவர் சைக்கிளைப் புல்லில் கிடத்திவிட்டு, இதை ஏன் அங்கே போய்க் கட்டினார்கள் என்று கேட்டார். எதிரி சுலபமாக ஏறி வரக்கூடாது என்பதற்காக என்று, கீழே ஓடுகிற பள்ளத்தாக்கையும் அந்தக் காலத்துப் பாதையையும் காட்டி, ஆறுதலாக விளங்கப்படுத்தினேன். பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்ததற்கு இந்த ஒரு இடத்தில்தான் எனக்குப் பிரயோசனம்.

அவர் தலையை ஆட்டிக் கேட்டார். விளங்கிவிட்டது என்று நம்பினேன். "சரி, சண்டை முடிந்துதான் இவ்வளவு காலமாகிவிட்டதே," என்றார், "இப்போதாவது கீழே இறக்கி வைத்திருக்கலாம்."

கோப்பிப் பெட்டி

ஒருமுறை சூரிச்சில் இருந்து வந்த ஒரு மனிதரின் பெட்டியைத் தூக்கும்போதெல்லாம் குகன் அண்ணை கடவுளைக் கூப்பிட்டார். பெசான்சோனில் நாங்கள் தங்கிய வீடு பழசு; வளைந்து வளைந்து போகிற கல்படி, லிஃப்ட் கிடையாது. அறை மேல்மாடியில். நான் ஒரு பக்கம், அண்ணை ஒரு பக்கம், ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏற்றினோம். திறந்தால், உடுப்புகளுக்கு நடுவில் துவாயால் சுற்றிய கோப்பி மெஷின். பிரெஞ்சுக் கோப்பி அவருடைய வயிற்றுக்குப் பிடிக்காதாம்.

மெஷினை மேசையில் வைத்தார், தண்ணீர் ஊற்றினார், பிளக்கை எடுத்துச் சுவருக்குக் கொண்டுபோனார். போகவில்லை. சுவிஸ் பிளக்கின் மூன்று காலும் பிரெஞ்சு ஓட்டைக்கு எப்படிப் போகும்? திருப்பிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார். படியில் இருந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்த எங்களைப் பார்த்துக் குற்றம் சாட்டுகிற குரலில் சொன்னார்: "பிரான்ஸ் வெளிநாடு என்று நீங்கள் முன்கூட்டியே அறிவித்திருக்க வேண்டும்."

பூட்டின சமையலறை

பிரெஞ்சுக் கிராமத்தில் மத்தியானச் சாப்பாட்டு நேரம் தவறினால் தவறினதுதான். அன்றைக்கு ஒருவருக்கு டயர் வெடித்தது, இன்னொருவருக்கு மாட்டைப் படம் எடுக்க வேண்டியிருந்தது. நாங்கள் போய்ச் சேர, அந்த ஊரின் ஒரே உணவகத்தின் கதவில் அட்டையைத் திருப்பித் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார் முதலாளியம்மா. கெஞ்சினேன். "சமையலறை பூட்டியாச்சு" என்று கதவையும் சாத்தினார். பசித்த சுவிஸ்காரரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். கத்த மாட்டார்கள். வரிசையாக வந்து அமைதியாகக் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள். அது கத்துவதைவிட மோசம்.

குகன் அண்ணை வானைத் திறந்து காஸ் அடுப்பை இறக்கினார். தனக்கென்று வைத்திருந்த ரவை, வெங்காயம், செத்தல் மிளகாய், கறிவேப்பிலை எல்லாம் வெளியே வந்தன. ஊர்க் கிணற்றுக் கட்டுக்குப் பக்கத்தில் தாளிச்ச மணம் எழும்ப, கைக்கடிகாரங்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. உப்புமா கோப்பையில் விழுகிற நேரம் உணவகத்துக் கதவு மெல்லத் திறந்தது. முதலாளியம்மா ஏப்ரனோடு வந்து, ஒரு வெற்றுக் கோப்பையை நீட்டிக்கொண்டு வரிசையில் நின்றார். நான் பார்த்த பார்வைக்குப் பதில் சொன்னார்: "பூட்டின சமையலறையில் நான் மட்டும் எப்படிச் சாப்பிடுவது?"

எங்கட ஆக்கள்

ஓல்டனில் இருந்து ஒருமுறை தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து வந்தார்கள். சைக்கிளைவிட, பொரித்த ரோல்ஸ் அடுக்கின சாப்பாட்டுப் பெட்டிதான் கூட. அதில் ஒரு அன்ரி, முதல் மேட்டில் இருந்து என்னோடு ஒட்டிக்கொண்டே வந்தார். அம்மா அப்பா எந்த ஊர், எத்தனை சகோதரம், கலியாணம் ஏன் இன்னும் சரிவரவில்லை, எல்லாம் மூச்சு வாங்காமல் கேட்டார். மேடு ஏறும்போது இவ்வளவு கதைக்க முடிந்தால் கியரைக் கூட்டலாம், அன்ரி என்றேன். பிடிபடவில்லை.

"யூனியில என்ன படிச்சனீங்கள், பிள்ளை?"

"வரலாறு, அன்ரி. மாஸ்டர்ஸ் முடிச்சனான்."

அவர் என் சேறு பிடித்த காலையும், வெயிலில் கறுத்த முகத்தையும், சைக்கிளையும் மாறி மாறிப் பார்த்தார். உண்மையான கவலையோடு என் தோளில் கைவைத்தார். "அப்ப கடைசிச் சோதினை சரிவரேல்லையோ?"

கடைசி வளைவு

ஊர்ஸ், ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி ரெகுலா ஈ-பைக்கில் வந்தார். ஊர்ஸ் அதைத் தொடவே மாட்டார். "பற்றரி நோயாளிகளுக்கு" என்பார். வாரம் முழுக்க எனக்கு முன்னால்தான் ஓடினார். மெதுவாகப் போங்கள் என்று சொன்னால், வழிகாட்டி பின்னால் வந்தால் பிழை யாருடையது என்று கேட்பார். எனக்குக் கோபம் மூக்குவரை வந்து நின்றது.

லாங்ருக்கு ஏறுகிற கடைசி மேட்டில், கடும் வெயிலில், அவர் வீதியோரம் குந்தியிருந்தார். முகம் சாம்பல். "செயினைப் பார்க்கிறேன்" என்றார். செயினில் ஒரு பிழையும் இல்லை. கையைத் தொட்டேன், குளிர்ந்து வியர்த்திருந்தது. அதற்குள் ரெகுலா வந்து அவருடைய பையைக் கிளறி ஒரு ஸ்பிரேயை எடுத்து நாக்குக்குக் கீழ் அடித்தார்.

"என்ன அது?" என்றேன்.

"நெஞ்சுக்கு. வசந்தத்தில் ஒப்பரேஷன் செய்தது. சைக்கிள் ஓடலாம் என்று டொக்டர் சொன்னதாக இவர் சொன்னார்."

"சொன்னார்தான்," என்று ஊர்ஸ் முனகினார். "வீட்டுக்குள் மிதிக்கிற சைக்கிள்."

அம்புலன்சுக்கு அவசரத்தில் அடித்து நம்பர் பிழையாகி, திரும்ப அடித்தேன். குகன் அண்ணை வானைக் குறுக்கே விட்டு வாகனங்களை மறித்தார். கிழமை முழுக்க எனக்குப் புகார் சொன்ன அதே ஆட்கள், மழைக்கோட்டுகளை விரித்துப் பிடித்து அவருக்கு நிழல் கொடுத்துக்கொண்டு நின்றார்கள். நான் அவருடைய கையை விடவில்லை. திட்டவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை.

பின்னேரம் ஆஸ்பத்திரியில் டொக்டர் வெளியே வந்து, நேரத்துக்குக் கொண்டுவந்தீர்கள், ஆபத்து இல்லை என்றார். நான் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டேன். உள்ளே போனால், மூக்கில் குழாயோடு படுத்திருந்த ஊர்ஸ் கேட்ட முதல் கேள்வி: "மதில் வாசலுக்கு எவ்வளவு மிச்சம் இருந்தது?" ஒரே ஒரு வளைவு என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். ரெகுலா என் கையைக் கிள்ளி வெளியே இழுத்துக்கொண்டு வந்தார். கண் கலங்கியிருந்தது, குரல் மட்டும் இரும்பு. "உண்மையைச் சொல்லாதே. சொன்னால் அதை முடிக்கத் திரும்பி வருவார். நானும் கூட வர வேண்டும்."

இந்த வேலையில் நான் கண்டது இவ்வளவுதான்: சைக்கிளுக்குக் காற்றுப் போனால் அடிக்கப் பம்ப் இருக்கிறது, மனிசருக்குக் காற்றுப் போனால் நான்தான் இருக்கிறேன்.