சட்டையோடு கழற்றி வைத்தது

போன கர்க்கடக மாதம், மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்தபோது எனக்குச் சர்க்கரை வந்தது. மாத்திரைக்கு அடங்குகிற சர்க்கரை இல்லை. உடம்பில் இன்சுலினே ஊறாத டைப் ஒன். சின்னப் பிள்ளைகளுக்கு வருவது என்றுதான் நினைத்திருந்தேன். முப்பது தாண்டியவனுக்கு எதற்கு இது என்று பகவதியிடம் சண்டையே போட்டேன்.

டாக்டரம்மா ஆரம்பத்திலேயே இன்சுலின் பம்ப் வைத்துவிட்டார். உள்ளங்கைக்குள் அடங்கும் மெஷின். அதிலிருந்து வரும் மெல்லிய குழாய், வயிற்றில் ஒட்டிய வட்ட ஸ்டிக்கரில் சேரும். ராத்திரி பகலாகக் கொஞ்சம் கொஞ்சமாக மருந்து இறங்கும். "குளிக்கறப்போ கழட்டலாம். ரொம்ப நேரம் கழட்டி வெச்சா ஆபத்து" என்று படித்துப் படித்துச் சொன்னார்.

மட்டாஞ்சேரியில் அப்பா அம்மா வாழ்ந்து போன வீட்டில் நான் மட்டும்தான். அக்கா துபாயில் இருக்கிறாள். எனக்குப் பக்கத்தில் தேவராவில் வேலை. கூட வேலை செய்கிறவர்கள் சாயா குடிக்கக் கூப்பிட்டாலும் போவதை நிறுத்திவிட்டேன். "அய்யோ பாவம், இந்த வயசிலயா" என்ற பேச்சு எனக்கு ஆகவே ஆகாது. வீட்டில் பம்ப் 'பீப்' என்றால், "உனக்கு இப்போ என்ன வேணும்?" என்று அதனிடம் கேட்பேன். வேறு யாரிடம் பேச?

எங்கள் பகவதி கோயிலில் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். சின்ன வயதிலிருந்து யோசிக்காமல் செய்த காரியம். பம்ப் வைத்தபின் முதல் தடவை போனபோது ஆளாளுக்கு வயிற்றையே பார்த்தார்கள். "எந்தா மோனே இது, மொபைலா?" என்றார் ஒருவர். அன்றோடு சரி. அதன்பிறகு வாசலிலேயே பம்பைக் கழற்றிச் சட்டையில் சுருட்டிக்கொள்வேன். கும்பிட்டதும் ஓடிவந்து மாட்டிக்கொள்வேன்.

உற்சவத்தன்று ஓடி வரவில்லை. காலையில் போனவன் செண்டை மேளத்தில் மெய்மறந்து நின்றேன். பாயசப் பிரசாதமும் சாப்பிட்டேன். அத்தனை ஜனத்துக்கு நடுவே நிற்பதே சந்தோஷமாக இருந்தது. உச்சி வெயிலில் நாக்கு வறண்டது. வயிற்றைப் பிடுங்கும் வலி. வாந்தி எடுத்துவிட்டுக் குளப்படியில் விழுந்தேன். சட்டைச் சுருட்டு மடியில் கிடக்கிறது, பிரிக்கக் கை வரவில்லை. "பட்டப்பகல்ல குடிச்சிட்டு வந்திருக்கான் பாரு" என்று யாரோ சொல்லிக்கொண்டே போனார்கள்.

மனசுக்குள் அழுதேன். "அம்மே, நோயை எடுக்கச் சொல்லலை. என்னைப் பார்த்ததும் புரிஞ்சுக்கற ஒரே ஒரு ஆளைக் காட்டு."

"தம்பி, பம்ப் எங்க?"

நிமிர்ந்து பார்த்தேன். சட்டையில்லாத உடம்போடு ஒருவர் குனிந்து நின்றார். அவர் வயிற்றிலும் அதே வட்ட ஸ்டிக்கர். முண்டு மடிப்பில் பம்பை வெளியே தெரியச் செருகியிருந்தார்.

"ஸ்டிக்கர் இருக்கு, குழாயைக் காணோம். கழட்டி எம்புட்டு நேரமாச்சு?"

சட்டையைக் காட்டிவிட்டு ஓவென்று அழுதேன்.

"கரையாதப்பா, அழாத. நான் இருக்கேன்ல."

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். வழியெல்லாம் என் தலை அவர் தோளில்தான். இன்னும் தாமதித்திருந்தால் நினைவே தப்பியிருக்கும் என்றார்கள். அவர் முருகேசன் சேட்டன், ஆலுவாக்காரர். மனைவி ஊர் உற்சவத்துக்கு வந்த மனுஷர், அன்று ஊர்வலத்தைப் பார்க்காமல் என் கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

நான் சட்டை போட்டிருந்தால் அவரும் குடிகாரன் என்றுதான் நினைத்துப் போயிருப்பார். எதைப் பார்த்துவிடுவார்களோ என்று கூசினேனோ, அதைப் பார்த்துத்தான் ஒருவர் வந்தார். இது அவள் செயல் இல்லாமல் வேறென்ன?

நோய் போகவில்லை. வீட்டில் இன்றும் நான் மட்டும்தான். ஆனால் பம்பை யாருக்காகவும் கழற்றுவதில்லை. சாயாக்கடைக்கும் போகிறேன், சர்க்கரை போடாமல் கேட்டு வாங்குகிறேன். மாதம் பிறந்தால் சேட்டன் வருவார், சேர்ந்து தொழுவோம்.

இதைப் படிக்கிற உங்களில் யாராவது என்னைப்போல் எதையாவது ஒளித்துக்கொண்டு தனியாக அல்லாடுகிறீர்களா? அவளிடம் கேளுங்கள், ஆளைக் காட்டுவாள். எங்கள் கோயிலுக்கு வந்தால், நடையின் இடதுபக்கம் நான் நிற்பேன். விசாரிக்க வேண்டியதில்லை. என் வயிற்றைப் பாருங்கள், தெரியும்.