இரண்டு விரல் குட்டை

அந்தச் சிறிய விமானப் பயிற்சி நிலையத்தில் பெட்ரோல் நிரப்புகிறவருக்கு 'குச்சி' என்று பட்டப்பெயர். தானமாக வந்த மாட்டையும் பல்லைப் பிடித்துப் பார்க்கும் ரகம். பம்பு மீட்டரை நம்ப மாட்டார், விமானி எழுதித் தரும் கணக்கை நம்ப மாட்டார். விமானத்துக்குள் பெட்ரோல் அளவைக் காட்டும் முள்ளையோ கெட்ட வார்த்தை சொல்லித் திட்டுவார். தன் கையால் செதுக்கி, கோடு போட்ட மரக்குச்சியை டேங்கின் அடிவரை விட்டு, எந்தக் கோடு வரை நனைந்திருக்கிறது என்று பார்த்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும்.

போன வாரம், அங்கேயே பயிற்சி பெறும் அவருடைய அக்கா மகள் ஓட்டிப் போன விமானத்தின் இன்ஜின் நடுவானில் நின்றுவிட்டது. வயலில் இறக்கிவிட்டாள். நெற்றியில் ஏழு தையல். இரண்டு டேங்கும் காய்ந்து கிடந்தன. குச்சியோ, கிளம்பும்போது இரண்டு மணி நேரத்துக்கு இருக்கிறது என்று சொல்லியிருந்தது.

"உண்மையச் சொல்லு. எங்க சுத்தப் போன?"

"எங்கயும் போகல மாமா. ஒரு மணி நேரம்கூட ஆகல."

"அப்ப பெட்ரோல் ஆவியாவா போச்சு?"

சொந்த அக்கா மகள்தான், இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளைதான். ஆனாலும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. இன்று பதினொரு மணிக்கு விசாரணை. அவள் பொய் சொல்கிறாள் என்று முடிவானால் பயிற்சி அதோடு சரி, இனி விமானத்தைத் தொடவே விட மாட்டார்கள்.

காலையில், பழுது பார்ப்பதற்காகக் காலி செய்திருந்த ஒரு டேங்கில் இருபது லிட்டர் ஊற்றினார். குச்சி முப்பது காட்டியது. பம்பு மீட்டர் திருட்டுப் பயல் என்று வைதுவிட்டு, கேனால் அளந்து ஊற்றிப் பார்த்தார். அப்போதும் குச்சி பத்து லிட்டர் கூடவே சொன்னது.

கொட்டகைக்கு ஓடினார். குச்சி செய்த அன்று அதைச் சுவரில் சாய்த்துப் பென்சிலால் நீளத்தைக் குறித்திருந்தார், யாராவது மாற்றி வைத்துவிடுவார்கள் என்ற பயத்தில். இப்போது நிறுத்திப் பார்த்தால் இரண்டு விரல் குட்டை.

அவள் பறப்பதற்கு முந்தின நாள் குச்சியின் அடி நுனி சிலும்பியிருந்தது. சிலாம்பு டேங்கில் விழுந்து குழாயை அடைத்துவிடுமோ என்று சந்தேகப்பட்டு, அவரேதான் பிளேடால் சீவித் தள்ளினார். அடி குறைந்தால் கோடுகள் கீழே இறங்கிவிடும், கொஞ்சம் பெட்ரோலே நிறைய மாதிரி காட்டும். ஊரையெல்லாம் சந்தேகப்பட்ட மனுஷனுக்கு அது தோன்றவே இல்லை.

விசாரணை அறையில் தலைமைப் பயிற்சியாளர் முன் குச்சியை வைத்தார்.

"தப்பு என்னோடது சார். புள்ள மேல ஒண்ணும் இல்ல."

பயிற்சியாளர் குச்சியைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். "சரி, முள்ளு எறங்கியிருக்குமே. அத நீ பாக்கலையா?"

"பாத்தேன் சார்."

"பாத்துட்டு ஏன் திரும்பல?"

அவள் மாமாவைப் பார்க்காமல் தையலைத் தடவினாள்.

"முள்ள நம்பாத, என் குச்சிய நம்புன்னு மாமா சொல்லியிருந்தாங்க."