சாவியைக் கொடுத்துவிட்டுப் போங்கள்

வருமான வரி ஆலோசகனின் ஆபீசுக்குள் சிரித்துக்கொண்டே நுழைந்தவன் எவனும் கிடையாது. பல் டாக்டரிடமாவது வலி போன பிறகு சிரிப்பார்கள், எங்களிடம் அதுவும் இல்லை.

அறுபதுகளின் நடுவில் நான் பம்பாய் மாட்டுங்காவில், ஒரு இட்லி ஹோட்டலுக்கு மேல் மாடியில், மேஜையும் நாற்காலியும் போட்டுத் தொழில் நடத்திக்கொண்டிருந்தேன். புது வருமான வரிச் சட்டம் வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. ஆபீசர்களே அதைத் தடவித் தடவித்தான் படித்தார்கள். வரி கட்டுகிறவனுக்குப் பயம். அவனுக்காக ஆஜராகிற எனக்கு அதைவிடப் பயம். உங்களில் யாராவது அந்த ஆபீஸ் வராந்தா பெஞ்சில், எப்போது பெயர் கூப்பிடுவார்களோ என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், நான் சொல்லப்போவது புரியும். உட்காராதவர்கள் கொடுத்துவைத்தவர்கள், சும்மா படியுங்கள்.

கதவைச் சாத்தியவர்

சுந்தரேசன் உள்ளே வந்ததும் முதல் காரியமாகக் கதவைச் சாத்தினார். அதைச் சாத்தினால் எனக்குக் காற்றே வராது. ஆனாலும் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, சாத்தியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். கோட்டைப் பகுதியில் ஒரு கப்பல் ஏஜெண்ட் கம்பெனியில் ஹெட் கிளார்க். வயது ஐம்பதுகூட இல்லை. போன மாதம் ஒரு காலையில் எட்டு மணி லோக்கல் ரயிலில் முண்டியடித்து ஏறும்போது மார்பில் வலி வந்து பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்துவிட்டாராம். வேலையை விடு, முதலில் அந்த ரயிலை விடு என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

பினாங்கில் அவருடைய அப்பா விட்டுப்போன ஒரு வீடும் சின்ன ரப்பர்த் தோட்டமும் இருந்தன. சுந்தரேசன் பிறந்ததே அங்கேதான், அதனால் போய்க் குடியேற அனுமதியும் கிடைத்திருந்தது. குழந்தைகள் இல்லை. தோட்டத்துக் குத்தகையில் அவரும் மனைவி ராஜமும் கௌரவமாகச் சாப்பிடலாம். இங்கே வேலையை விட்டுவிட்டு அங்கே போய் உட்கார்ந்தால் வரிக்காரர்கள் என்ன செய்வார்கள் என்பதுதான் கேள்வி. சொன்னேன். இந்தியாவில் வசிக்கிறவர் என்று சட்டம் உங்களைக் கருதினால், பினாங்கில் வருகிற வருமானத்துக்கும் இங்கே வரி. வசிக்காதவர் என்று ஆகிவிட்டால், இங்கே வருகிறதற்கு மட்டும். ஆகவே போவதென்றால் ஒழுங்காகப் போய்விட வேண்டும். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, சாத்திய கதவை இன்னொரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

"சார், நான் திருட்டுத்தனமா ஓடிப்போறேன்னு யாரும் நினைச்சுக்க மாட்டாளே?"

சவரிமுத்துவின் கோலி

ஒழுங்காகப் போவது என்றால் என்ன என்பதில்தான் வினையே இருந்தது. இந்தியாவில் ஒருவர் குடியிருக்க ஒரு இடத்தைப் பாதி வருஷத்துக்கு மேல் வைத்துக்கொண்டிருந்து, அதே வருஷம் மொத்தத்தில் ஒரு மாதம் இந்த மண்ணில் இருந்துவிட்டால் போதும், அவர் இங்கே வசிக்கிறவர்தான். மற்ற மாதமெல்லாம் பினாங்கில் இருந்தாலும் சரி. ஆகவே நான் சுந்தரேசனிடம் ரொம்ப சாதாரணமாக, மாட்டுங்கா ரூமைக் காலி செய்து சாவியை வீட்டுக்காரச் சேட்டிடம் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றேன். அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. நானும் பம்பாய்க்காரன்தானே, அந்தப் பயம் எனக்குத் தெரியாதா? பழைய சொற்ப வாடகை ரூம் ஒரு தரம் கையை விட்டுப் போனால் போனதுதான். பினாங்கிலிருந்து நாளைக்கே வெளியே போ என்று சொன்னால் அவர்கள் எங்கே வந்து இறங்குவார்கள்?

இதே புத்திமதியை அதற்குச் சில மாதம் முன்னால் தாராவியில் சவரிமுத்துவுக்கும் சொல்லிப் பார்த்திருந்தேன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, தோல் பதனிடுகிற ஷாப் வைத்து முன்னுக்கு வந்த மனுஷன். கொழும்பில் அண்ணன் கடை. வந்து கூட்டாளியாக உட்காரு என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். சவரிமுத்துவுக்கும் ஆசைதான், உடம்பும் தளர்ந்திருந்தது. அவருடைய கோலியில், அதாவது அந்த ஒற்றை அறையில், நாலு பேர் காலை நீட்டிப் படுக்க முடியாது. மழைக்காலத்தில் வாசல்படி வரைக்கும் தண்ணீர் நிற்கும். சட்டத்தைச் சொல்லி, அதை விட்டுவிடுங்கள் என்றேன். அவர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். கொழும்புப் பேச்சு அத்தோடு சரி.

"அண்ணாச்சி, பொண்டாட்டி பிள்ளைய விட்டுட்டுப் போன்னாக்கூடப் போயிருவேன், கோலிய விட்டுட்டுப் போன்னா நான் எங்க போவேன்?"

பியூன் பார்த்த உலகம்

வரிப் பாக்கி இல்லை என்ற சர்டிபிகேட் இல்லாமல் கப்பல் கம்பெனிக்காரன் டிக்கெட் தர மாட்டான். சுந்தரேசன் அதே மாதிரி கம்பெனியில் எத்தனையோ வருஷம் மற்றவர்களிடம் அந்த சர்டிபிகேட்டைக் கேட்டு வாங்கியவர். இப்போது அவரே பெஞ்சில். கையில் பை, பைக்குள் அவர் வாழ்நாளில் வாங்கிய எல்லா ரசீதும். வெள்ளை ஷர்ட் முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒளிக்க ஒன்றும் இல்லாத மனுஷன் இவ்வளவு பயப்படுவதைப் பார்த்து எனக்கும் பயம் தொற்றிக்கொண்டது. ஏதாவது பழைய பாக்கியை நான்தான் மறந்துவிட்டேனோ என்று அந்த ரசீதுகளை இன்னொரு தரம் எண்ணிப் பார்த்தேன்.

அன்றைக்கு ஒரு தொந்தரவும் இல்லை. சர்டிபிகேட் கைக்கு வந்தது. வாங்கிக்கொண்டு அவர் அழுதுவிட்டார், நான் தோளைப் பிடித்துக்கொண்டேன். வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த பியூன், ரத்னகிரிப் பக்கத்துக் கிழவர், இந்த மாதிரி எத்தனை பேரைப் பார்த்தவரோ. போகிறவனுக்கும் பயம், இருக்கிறவனுக்கும் பயம் என்று அவருடைய பம்பாய் ஹிந்தியில் எங்கள் ரெண்டு பேரையும் சேர்த்தே சொல்லிவிட்டார்.

"ஜானேவாலா பீ டர்தா ஹை, ரெஹ்னேவாலா பீ டர்தா ஹை."

எரிகிற விளக்கு

மதராஸ் மெயிலில் அவர்களை ஏற்றிவிடப் போயிருந்தேன். அங்கிருந்துதான் கப்பல். ரூம் விஷயம் முடிந்ததா என்று கேட்டேன். எல்லாம் ஏற்பாடு பண்ணியாச்சு என்றார் சுந்தரேசன். ராஜம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். சாவியைச் சேட்டிடம் கொடுத்துவிட்டார்கள் என்று நான் எடுத்துக்கொண்டேன். ஏற்பாடு என்ற வார்த்தையைக் கேட்டதும் என்ன ஏற்பாடு என்று கேட்காத ஆலோசகன் உலகத்தில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

சில மாதம் கழித்து ஒரு சாயங்காலம் அந்தக் கட்டடம் வழியாக நடந்து போனேன். அவர்களுடைய ஜன்னலில் வெளிச்சம். யாரோ புதுக் குடித்தனம் என்று நினைத்து உள்ளே போய்ப் பார்த்தால், கதவில் சுந்தரேசன் பெயர்ப் பலகை அப்படியே இருக்கிறது. பக்கத்து ரூம் லலிதா வெளியே வந்து விவரம் சொன்னாள். வாடகை அவள் கையால் மாதாமாதம் போகிறது. பணத்தை ராஜம் முன்கூட்டியே கொடுத்திருக்கிறாள். தினம் சாயங்காலம் பூட்டைத் திறந்து சுவாமிக்கு விளக்கேற்ற வேண்டும், அதுவும் லலிதா பொறுப்பு. அப்படியானால் சட்டப்படி ரூம் இன்னும் அவர்கள் கையில்தான். இந்த வருஷம் முழுக்க அவர்கள் இந்தப் பக்கமே வரக் கூடாது என்று ஸ்டேஷன் பக்கத்துப் பிள்ளையாரிடம் வேண்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். ராஜம் புறப்படும்போது என்ன சொன்னாள் என்பதையும் லலிதா சொல்லியிருந்தாள். சட்டத்தில் எங்களுக்கு எதிராக இருக்கிற விஷயத்தையே, எங்களுக்கு ஆதரவு என்று நினைத்துச் சொல்லியிருக்கிறாள்.

"விளக்கு எரியற வீட்டைக் காலி வீடுன்னு யாராலயும் சொல்ல முடியாது லலிதா."

தங்கியிருப்பது எங்கே

பிள்ளையார் கைவிட்டார். சுந்தரேசனின் அம்மாவுக்குச் சிராத்தம், ஒரே பிள்ளை, வந்துதான் ஆக வேண்டும். வந்த இடத்தில் செம்பூரில் ராஜத்தின் அண்ணா பெண்ணுக்குக் கல்யாணம். ரெண்டையும் முடித்துக்கொண்டு ஒரு மாதத்துக்குள் திரும்பிவிடுகிற மாதிரிதான் திட்டம். ஆனால் மாப்பிள்ளை வீட்டில் ஒரு சாவு, தீட்டு, முகூர்த்தம் தள்ளிப்போயிற்று. அண்ணா பெண் கல்யாணத்துக்கு இல்லாமல் கப்பலேற ராஜத்தால் முடியுமா? அவர்கள் இருந்தார்கள். நான் ஒவ்வொரு நாளும் காலண்டர் தாளைக் கிழிக்கவே பயந்தேன். மாதம் தாண்டிவிட்டது.

திரும்பிப் போகவும் சர்டிபிகேட் வேண்டும். இந்தத் தடவை ஆபீசர் புதியவர், இளைஞர், சட்டத்தை உண்மையாகவே படித்தவர். போகும் வழியெல்லாம் நான் சுந்தரேசனுக்குச் சொல்லிக்கொண்டே போனேன்: கேட்டதற்கு மட்டும் பதில், பொய் வேண்டாம், ஆனால் கேட்காததை எடுத்துக் கொடுக்க வேண்டாம். அவரும் தலையை ஆட்டினார். ஆபீசர் ரொம்ப மரியாதையாக, வந்த இடத்தில் எங்கே தங்கியிருக்கிறீர்கள், சொந்தக்காரர் வீட்டிலா என்று கேட்டார். அந்தக் கேள்விதான் கெடுத்தது. இந்த ஊரில் இத்தனை வருஷம் குப்பை கொட்டிய ஒருத்தரை, யாரோ வீட்டில் ஒண்டிக்கொண்டிருக்கிறாயா என்று கேட்டால் சும்மா இருப்பாரா? சுந்தரேசன் நிமிர்ந்து உட்கார்ந்தார். சொந்தக்காரர் வீட்டில் எதற்கு, மாட்டுங்காவில் எங்கள் வீடே இருக்கிறது, போன அன்றிலிருந்து ஒரு நாள்கூட விளக்கு அணையவில்லை என்றார். மேஜைக்கடியில் அவர் காலை மிதித்துப் பார்த்தேன், அதற்குள் தாமதமாகிவிட்டது. ஆபீசர் பேனாவை எடுத்தார். குரலில் கோபமே இல்லை.

"அப்படியானால் நீங்கள் இன்னும் புறப்படவே இல்லை, மிஸ்டர் சுந்தரேசன்."

மலையேறிய விளக்கு

பினாங்கு வருமானத்துக்கும் சேர்த்து வரியைக் கட்டினால்தான் சர்டிபிகேட். பினாங்குப் பணம் பினாங்கில் இருக்கிறது, இங்கே வந்து சேர நாளாகும். கையில் இருந்தது கல்யாணத்தில் போய்விட்டது. அங்கே குடியேறக் கொடுத்த அனுமதிக்கோ ஒரு கெடு உண்டு. அந்த நாட்டை விட்டு அதற்கு மேல் வெளியே இருந்தால் செல்லாது. அடுத்த கப்பலை விட்டால் கெடு தாண்டிவிடும். வராந்தா பெஞ்சில் சுந்தரேசன் மார்பில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். இங்கேயே ஏதாவது ஆகிவிடுமோ என்று நான் பயந்த பயம் எனக்குத்தான் தெரியும். பியூன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

சாயங்காலம் அவர்கள் ரூமில் உட்கார்ந்திருந்தோம். சுந்தரேசன் முடிவு பண்ணிவிட்டார்: போகவே வேண்டாம், பழைய கம்பெனியில் காலில் விழுந்தாவது வேலை கேட்கிறேன், ரூம்தான் இருக்கிறதே. மறுபடி அந்த எட்டு மணி லோக்கல் என்று யாரும் வாய் விட்டுச் சொல்லவில்லை. ராஜம் விளக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: இந்த ரூமைக் காலி பண்ணினால் பணம் தருகிறேன் என்று சேட் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாரே, அது வரிக்குக் காணுமா? காணும் என்றேன். சொல்லிவிட்டு உடனே பயந்தேன். அதற்கப்புறம் அவர்களுக்கு இந்தியாவில் தலையை நீட்ட ஒரு மூலைகூட இல்லை என்பதையும் சொன்னேன். அவள் விளக்கின் பக்கம் திரும்பினாள். பூவால் சுடரை ஒற்றி விளக்கை மலையேற்றினாள். சூடு ஆறும்வரை காத்திருந்து, துடைத்து, பழைய புடவையில் சுற்றி டிரங்குப் பெட்டிக்குள் வைத்தாள். தலைப்பு முடிச்சிலிருந்து சாவியை அவிழ்த்து, சேட்டிடம் கொடுத்துவிடுங்கள் என்று என் கையில் வைத்தாள்.  பிறகு சுந்தரேசனைப் பார்த்துச் சொன்னாள்.

"ஏன்னா, பயத்துக்காக ரெண்டு ஊர்ல வீடு வெச்சுண்டது போறும், இனிமே என்ன ஆனாலும் ஒரு ஊர்ல குடியிருந்து பார்ப்போம்."

சேட் பணத்தில் வரியைக் கட்டிவிட்டு அவர்கள் அந்தக் கப்பலையே பிடித்துப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்; நானோ எந்த தேசத்திலும் ஒரு ரப்பர் மரம்கூட இல்லாதவன், இன்றைக்கும் ஒரு வாரம் வெளியூரில் தங்க நேர்ந்தால் என் ரூம் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டுதான் தூங்குகிறேன்.