கரிச்சட்டி என்று படிக்காதவள்

சர்க்கரை நோய் இரண்டு கண்ணையும் கொண்டுபோன பிறகு வாத்தியாருக்கு மிஞ்சியது வாய் ஒன்றுதான். அந்த வாய்க்குப் பயந்து மூன்று பேர் வேலையை விட்டு ஓடியிருந்தார்கள். நாலாவதாக வந்தவளை அந்த வீட்டில் நர்ஸம்மா என்று கூப்பிட்டார்கள். நர்ஸுக்குப் படித்தவள் இல்லை. நோயாளியைப் பார்த்துக்கொள்ளப் பயிற்சி எடுத்தவள். கால் புண்ணுக்குக் கட்டுப் போடுவாள், ஊசி போடுவாள், குளிப்பாட்டுவாள். தடங்கல் இல்லாமல் வாசிக்கிறாள் என்பதற்காகவே வாத்தியாரின் மகள் அவளை வைத்துக்கொண்டாள். அப்பாவுக்குப் பிடித்தால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் மாதக் கடைசியோடு சரி என்று முன்கூட்டியே சொல்லியும் விட்டாள். தனியாகப் பிழைக்கிற நர்ஸம்மாவுக்கு அந்த வேலை வேண்டியிருந்தது.

கட்டு மாற்றியதும் வாசிப்பு. வாத்தியார் வருஷக்கணக்கில் வகுப்பில் நடத்திய நாவல் அது. ஒரு பையன் வளர்ந்து ஆளாகிற கதை. நர்ஸம்மாவுக்கும் பிடித்துத்தான் இருந்தது. ஒன்றுதான் தொண்டையில் சிக்கியது. அந்தக் கதையில் வருகிற சமையல்காரி வேறு இனத்துக்காரி, நல்ல கறுப்பு. எழுதியவர் அவளுக்குப் பேரே வைக்கவில்லை. பையன் வாயால் கரிச்சட்டி, கதை முழுக்கக் கரிச்சட்டி. நர்ஸம்மாவும் அந்த நிறம்தான். கண் தெரியாதவருக்கு அது தெரியாது.

அவள் யாரையும் கேட்கவில்லை. கரிச்சட்டி வந்த இடமெல்லாம் சமையல்காரம்மா என்று படித்தாள். "பொம்பளை மாதிரி அழாதேடா" என்று அப்பன் அதட்டுகிற இடத்தில் குழந்தை மாதிரி என்று மாற்றினாள். பையனைப் பரீட்சைக்குப் படிக்கவைக்க அவன் அக்காவின் படிப்பை நிறுத்துகிற பக்கத்தை மட்டும் தொடவில்லை. நடக்கிறதுதானே.

புதுப் பதிப்பில் மாற்றிவிட்டார்களோ என்று வாத்தியார் சும்மா இருந்தார். அடுத்த அத்தியாயத்தில் அவள் மாட்டிக்கொண்டாள். ஓடுகிற வேகத்தில் வாய் பழக்கப்படி படித்துவிட்டது: "சமையல்காரம்மாவை அடுப்பில் ஏற்றினால் இன்னும் கறுப்பாளா என்று பையன் கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள்."

வாத்தியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "என்னம்மா இது? ஆளைத் தூக்கி அடுப்புல வைக்கறாங்களா?"

"சட்டின்னு போட்டிருக்கு சார். நான்தான் மாத்திட்டேன்."

வகுப்பில் பையன்கள் விழுந்து விழுந்து சிரிக்கிற இடமாம் அது. பெரியவர்கள் எழுதியதைத் திருத்த நீ யார் என்று அவர் ஒரு பிடி பிடித்தார். நர்ஸம்மா கத்தரிக்கோலைத் துடைத்து வைத்தாள்.

"நானும் கறுப்புதான் சார். பள்ளிக்கூடத்துல எனக்கும் அதான் பேரு. ஊசி போடத்தான் சம்பளம். அதைச் சொல்றதுக்கு இல்ல."

"அப்ப நாளைக்கு வேற ஆள் வரட்டும்."

"வரட்டும். இல்லேன்னா ஒண்ணு செய்யலாம். அந்த வார்த்தை வந்தா நான் நிறுத்தறேன். நீங்க சொல்லுங்க."

வேறு ஆள் கிடைப்பது லேசில்லை என்பது வாத்தியாருக்கும் தெரியும். சரி என்றார்.

முதல் தடவை வகுப்புக் குரலில் கணீரென்று சொன்னார். சிரிக்க ஆளில்லை. ஒரே பக்கத்தில் நாலு இடம் வந்தது. ஒவ்வொன்றுக்கும் அவள் நிறுத்த, அவர் சொல்ல, குரல் இறங்கிக்கொண்டே போனது. ஓரிடத்தில் இருமினார். தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டும் சொல்லவில்லை. அவள் காத்திருந்தாள்.

"அவளுக்குப் பேர் எங்கேயாவது போட்டிருக்கா?"

"இது வரைக்கும் இல்ல சார்."

"நான் நடத்தினப்பவும் கண்ணுல பட்டதில்ல." பிறகு விறைப்பாகச் சொன்னார்: "ஆனாலும் நல்ல புத்தகம்."

"இல்லேன்னு நான் சொன்னேனா?"

மகள் உள்ளே வந்தபோது, ஏஜென்சியில் வேறு ஆள் கேட்க வேண்டாம் என்றார் வாத்தியார். காரணம் சொல்லவில்லை. மகள் போனதும், "இனிமே அந்த இடம் வந்தா நிறுத்தாதே. தாண்டிப் போ," என்றார்.

"தாண்டினா யாரு சமைச்சான்னு தெரியாதே சார்."

அவர் யோசித்தார். "சமையல்காரம்மான்னே படி. அடுப்பு வந்தா மட்டும் பாத்துப் படி."

அவள் பக்கத்தைத் திருப்பினாள். பையன் பரீட்சையில் தேறினானா என்று அவளுக்கும் தெரிய வேண்டியிருந்தது.