எட்டாவது ரேக்கிலிருந்து வாசல் வரை

இதில் ஒரு வார்த்தைகூட நான் கூட்டவில்லை. குறைத்திருக்கிறேன், அது வேறு விஷயம். பேய்க் கதை என்றால் நடுராத்திரி வேண்டும், நாய் ஊளையிட வேண்டும், மின்சாரம் போக வேண்டும் என்பார்கள். எனக்கு நடந்தது பட்டப்பகலில். சாப்பாட்டு மேசையில் மடிக்கணினி, பக்கத்து நாற்காலியில் மடிக்காத துணிக் குவியல். சனிக்கிழமை. நேரங்கள் எல்லாம் துல்லியமாக இருக்கின்றன. அவற்றைக் குறித்தது நான் இல்லை, கணினி. அதற்குப் பொய் சொல்லத் தெரியாது.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஒன்றும் புரியாது. வெளிச்சத்தின் துகள் ஃபோட்டான். அணுக்கருவைச் சிதறாமல் ஒட்டி வைத்திருக்கும் துகள் குளுவான். ஒன்றுமே இல்லாத வெற்றிடத்தில் ஓர் இடத்தைச் சீண்டினால், அந்தச் சீண்டல் இன்னோர் இடத்தில் எவ்வளவு தெரியும்? ஃபோட்டான் என்றால் வெகுதூரம் போகும். குளுவான் என்றால் நாலடியில் அடங்கிவிடும். அந்த அளவைக் கணினியில் கணக்கிடுவதுதான் என் ஆராய்ச்சி. ஆறு வருடமாக இதைத்தான் செய்கிறேன். "வெற்றிடத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கறதுக்குச் சம்பளமா?" என்று என் வீட்டுக்காரர் இன்றும் கேட்பார்.

வெற்றிடத்தை ஒரு பெட்டியாகப் பாவித்து, உள்ளே வரிசை வரிசையாகப் புள்ளிகள் வைப்போம். கணினி குலுக்கல் முறையில் அந்தப் பெட்டியைப் படம் படமாக வரைந்துகொண்டே போகும். ஒரு படத்துக்கு நாற்பது நிமிடம். ஒரே கணினியால் முடியாது என்பதால் பெட்டியை எட்டுத் துண்டாக வெட்டி, எட்டு ரேக்குகளுக்கு, அதாவது கணினிகள் அடுக்கிய எட்டு அலமாரிகளுக்கு, பிரித்துக் கொடுப்போம். ஆராய்ச்சிக்கூடத்தின் இயந்திர அறையில் அந்த எட்டு ரேக்கும் வரிசையாக நிற்கின்றன. ஒன்றாவது, கதவுக்குப் பக்கத்தில். எட்டாவது, கடைசிச் சுவர் ஓரத்தில்.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். எங்கள் பெட்டிக்கு வெளியே என்று ஒன்று கிடையாது. பழைய கைபேசியில் பாம்பு விளையாட்டு ஆடியிருப்பீர்கள். பாம்பு இந்தப் பக்கச் சுவருக்குள் போனால் அந்தப் பக்கச் சுவரிலிருந்து வரும். அதே மாதிரிதான். ஒன்றாவது துண்டைத் தாண்டினால் மறுபடி எட்டாவது துண்டு. கணக்குச் சுலபமாக இருக்கும் என்பதால் எல்லாரும் இப்படித்தான் செய்கிறோம்.

இயந்திர அறையின் குளிர்சாதனங்களைப் பார்த்துக்கொள்பவரை நாங்கள் ஸ்வெட்டர் அண்ணன் என்போம். வருடம் முழுக்க ஒரே பழுப்பு ஸ்வெட்டர். என்னை டாக்டரம்மா என்று கூப்பிடுவார். இன்னும் பட்டம் வாங்கவில்லையே என்றால், வாங்கிய பிறகு பழகினால் நாக்கு புரளாது, இப்போதே பழகிக்கொள்கிறேன் என்பார். தங்கமான மனிதர். ஒரே ஒரு குறை, மறதி. இயந்திர அறைக்குள் போகும்போது பதிவேட்டில் கையெழுத்துப் போடுவார். வெளியே வரும்போது மறந்துவிடுவார். அவர் பெயருக்கு நேரே 'வெளியே' என்ற கட்டம் காலியாக இருந்தால் என் ஊதா மைப் பேனாவால் நானே நிரப்பிவிடுவேன். மூன்று வருடப் பழக்கம்.

அந்தப் பதிவேடு சும்மா இல்லை. விடுமுறை நாட்களில் தீப்பிடிக்காமல் இருக்க, அறையை மூடி உள்ளே நைட்ரஜனை நிரப்பி, ஆக்சிஜனைக் குறைத்துவிடுவார்கள். உள்ளே யாரும் இல்லை என்று பதிவேடு சொன்னால்தான் காவலாளி அதற்கான சாவியைத் திருப்புவார்.

அந்த வெள்ளிக்கிழமை, மூன்று நாள் தொடர் விடுமுறைக்கு முந்தைய நாள். மாலை ஐந்து மணி பேருந்தில் அக்கா வீட்டுக்குப் போவதாக ஸ்வெட்டர் அண்ணன் காலையிலேயே சொல்லியிருந்தார். 4:40-க்கு நான் கணக்கை ஓடவிட்டுக் கிளம்பினேன். பதிவேட்டைப் பார்த்தேன். அவர் கட்டம் காலி. வழக்கம்போல மறந்துவிட்டுப் பேருந்துக்கு ஓடிவிட்டார் என்று சிரித்துக்கொண்டே நிரப்பினேன்.

மறுநாள் காலை 10:20. வீட்டிலிருந்து திறந்து பார்த்தேன். ஆரம்பப் படங்களைப் பார்க்காமலே தூக்கிப் போடுவது வழக்கம், கணக்கு சூடு பிடிக்கும் வரை அவற்றுக்கு மதிப்பில்லை. நான் பார்த்த முதல் படத்திலேயே எட்டாவது துண்டில் ஒரு புடைப்பு இருந்தது. யாரோ அங்கே சீண்டியிருப்பது போல. நான் சீண்டவில்லை. குளுவான் பெட்டியில் எந்தச் சீண்டலும் நாலு புள்ளிக்குள் அடங்க வேண்டும். இது அடங்கவில்லை. வெளிச்சம் போலப் பெட்டி முழுக்கத் தெரிந்தது.

நேர்மையாகச் சொல்கிறேன், தூக்கிப் போட்டேன். நூறு படத்தில் ஒன்று அடம்பிடித்தால் அதைக் கழித்துவிட்டு, குலுக்கல் எண்ணை மாற்றி மறுபடி ஓடவிடுவோம். வெளியே சொல்லிக்கொள்ளும் பழக்கம் இல்லை.

11:00. அடுத்த படம். புடைப்பு இருந்தது. இப்போது ஏழாவது துண்டில்.

11:40. ஆறு.

12:20. ஐந்து.

ஏதோ ஒரு நினைவகச் சில்லு கெட்டுவிட்டது என்று நினைத்தேன். ஆனால் கெட்டுப்போன சில்லு இருந்த இடத்திலேயே கெட்டுக் கிடக்கும். நடக்காது.

1:00. நான்கு. துணியை மடிக்க எடுத்தவள் அப்படியே வைத்துவிட்டேன். துண்டு என்றால் ரேக். ரேக் என்றால் அறையில் ஓர் இடம். யாரோ கடைசிச் சுவரிலிருந்து கதவை நோக்கி வருகிற மாதிரி... நானே என்னை அதட்டிக்கொண்டேன்.

1:40. மூன்று.

2:05-க்குத் தொலைபேசி அடித்தது. ஸ்வெட்டர் அண்ணனின் மனைவி. இரண்டு முறைதான் பார்த்திருக்கிறேன், அண்ணி என்று கூப்பிடுவேன்.

"உங்க அண்ணன் நேத்து அக்கா வீட்டுக்கே போகலையாம்மா. போனும் எடுக்கல. அங்கதான் இருக்காரா?"

ஊதா மை கண்முன் வந்தது.

பார்த்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டுக் காவலாளியை அழைத்தேன். அறையைத் திறக்கச் சொன்னேன். பாதுகாப்பு அதிகாரி அனுமதி இல்லாமல் திறக்க முடியாது, திறந்தாலும் காற்றை மாற்ற ஒரு மணி நேரம் ஆகும் என்றார். உள்ளே ஆள் இருக்கலாம் என்றேன்.

"யாரும் இல்லன்னு ரெஜிஸ்டர் சொல்லுதே மேடம். கையெழுத்து உங்களுதுதானே?"

பாதுகாப்பு அதிகாரியின் எண்ணைக் கேட்டு வாங்கினேன்.

2:20. இரண்டு.

அதிகாரியை அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி அழைத்தேன். மறுபடி. ஆராய்ச்சிக்கூடம் என் வீட்டிலிருந்து இரண்டு மணி நேரப் பயணம். நான் கிளம்பினால் போய்ச் சேரும்போது என்ன ஆகியிருக்கும்? மறுபடி காவலாளியிடம் கெஞ்சினேன். கதவில் இருக்கும் சின்னக் கண்ணாடி வழியாகவாவது பாருங்கள் என்றேன்.

தொலைபேசியோடு நடந்து போனார். காலடிச் சத்தம் கேட்டது.

"விளக்கு எரியுது. ஈ காக்கா இல்ல மேடம்."

என் திரையில் 3:00.

ஒன்று.

"அங்கேயே நில்லுங்க," என்றேன்.

"யாரும் இல்ல மேடம்..." நிறுத்தினார். "ஆனா..."

"என்ன?"

"கண்ணாடில... உள்பக்கம் ஆவி படியுது."

...

"மறையுது."

...

"திரும்பப் படியுது மேடம். யாரோ மூச்சு விடற மாதிரி."

தட்டுங்கள் என்று கத்தினேன். தட்டினார். மூன்று முறை. அந்தப் பக்கத்திலிருந்து ஒன்றும் கேட்கவில்லை. இயந்திரங்களின் ம்ம்ம்ம் மட்டும். தொலைபேசியைக் கையில் இறுக்கிக்கொண்டு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தேன். அதைத் தவிர என்னால் செய்ய முடிந்தது ஒன்றுமில்லை.

ஆவி படிவது நின்றுவிட்டது என்று காவலாளி சொன்னார்.

3:40.

எட்டு.

அண்ணன் கதவு இருக்கிற இடத்துக்கு வந்தார். கதவைத் தாண்டினார். மறுபடி கடைசிச் சுவரில் இருந்தார். பெட்டியை அப்படி அமைத்தது நான்.

அதிகாரி 3:50-க்குத்தான் தொலைபேசியை எடுத்தார். காற்றை மாற்றி, 4:55-க்குத் திறந்தார்கள். எட்டாவது ரேக்குக்கு அடியில் தரைப்பலகை ஒன்று தூக்கியிருந்தது. கீழே குழாய்கள் ஓடும் இடத்தில் குப்புறக் கிடந்தார். கையில் திருகுச்சாவி. ஒழுகும் குழாய் ஒன்றைக் கிளம்புவதற்கு முன் சரி செய்துவிடலாம் என்று இறங்கியிருக்கிறார். கதவிலிருந்து பார்த்தால் தெரியாத இடம்.

வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் உயிர் போய்விட்டது என்றார் மருத்துவர். இருந்த இடத்தைவிட்டு ஓரடிகூட நகரவில்லை என்றும் சொன்னார். அப்படியானால் சனிக்கிழமை மதியம் கதவு வரை வந்தது எது? நான் கேட்கவில்லை. கேட்டால் யாரிடம் பதில் இருக்கிறது?

கையெழுத்து என்னுடையது என்று எல்லாரிடமும் ஒப்புக்கொண்டேன். விசாரணையில் விபத்து என்று எழுதி முடித்தார்கள். அண்ணியிடமும் நேரில் போய்ச் சொன்னேன். அவர் அழவில்லை, திட்டவில்லை. கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டார். அதற்குப் பிறகு என் அழைப்பை எடுப்பதில்லை. திட்டியிருந்தால் கொஞ்சமாவது தாங்கியிருப்பேன்.

பத்து நாள் கழித்து, சனிக்கிழமை 3:40-க்கு வந்த படத்தை வீட்டுக் கணினியில் ஏற்றினேன். இங்கே ரேக் இல்லை, அறை இல்லை. ஆனாலும் புடைப்பு எட்டாவது துண்டில் இருந்தது. இந்த முறை ஒரு மாற்றம் செய்தேன். பெட்டியின் ஒரு பக்கச் சுவரைத் திறந்து வைத்தேன். தாண்டினால் திரும்பி வர வேண்டியதில்லை, போய்விடலாம். வீட்டுக் கணினி மெதுவானது, ஒரு படத்துக்கு இரண்டு மணி நேரம் எடுத்தது. எட்டு. பிறகு ஐந்து. பிறகு இரண்டு. ஏன் மூன்று மூன்றாகத் தாண்டுகிறது என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அடுத்த படம் சுத்தம். ஒன்றுமே இல்லாத வெறும் வெற்றிடம். திரையைப் பார்த்துக் கும்பிட்டேன். போய் வாங்க அண்ணா என்று வாய்விட்டுச் சொன்னேன். அழுதேன்.

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

எங்கள் துறையில் ஒரு வழக்கம். வரைந்த படங்களைப் பொதுக் கிடங்கு ஒன்றில் போட்டுவிடுவோம். உலகத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்து, அதிலிருந்து தங்கள் கணக்கைத் தொடரலாம். தினமும் மாலை நான்கு மணிக்கு என் கணினி தானாகவே அனுப்பிவிடும். அந்தச் சனிக்கிழமையும் அனுப்பியிருக்கிறது. எட்டில் புடைப்பு இருந்த படத்தை.

போன மாதம், முன்பின் தெரியாத ஒரு மாணவர் கடிதம் எழுதினார். 'உங்கள் படத்தில் ஒரு புடைப்பு இருக்கிறது. நகர்கிறது. எங்கள் பிழையா, உங்கள் பிழையா?'

கிடங்கின் கணக்கைப் பார்த்தேன். பத்தொன்பது குழுக்கள் அந்தப் படத்தை எடுத்திருந்தன. அழித்துவிடுங்கள் என்று பத்தொன்பது பேருக்கும் எழுதினேன். நான்கு பேர் அழித்துவிட்டதாகச் சொன்னார்கள். இருவர் அழிக்காமல், தங்கள் பதிவுகளை நேரத்தோடு அனுப்பிக் காரணம் கேட்டார்கள். மற்றவர்களிடமிருந்து பதிலே இல்லை.

அந்த இரண்டு பதிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஒருவரின் இயந்திரம் நான்கு நிமிடத்துக்கு ஒரு படம் போடும். இன்னொருவருடையது ஒரு மணி நேரத்துக்கு ஒன்று. ஆரம்பித்த நாளும் வேறு வேறு. ஆனால் இரண்டிலும் புடைப்பு ஒரு துண்டைக் கடக்க எடுப்பது நாற்பது நிமிடம்தான். என் வீட்டுக் கணினியிலும் அப்படித்தான், இரண்டு மணி நேரத்துக்கு மூன்று துண்டு. எந்தக் கணத்தில் பார்த்தாலும் இரண்டிலும் ஒரே துண்டில் இருக்கிறது. அவர்கள் இயந்திரத்தின் வேகம் அண்ணனுக்குப் பொருட்டே இல்லை. அவர் வேகத்தில் அவர் நடக்கிறார்.

எட்டிலிருந்து ஒன்றுக்கு. மறுபடி எட்டு. ஐந்து மணி இருபது நிமிடத்துக்கு ஒரு சுற்று. இதுவரை ஒருமுறைகூடத் தவறவில்லை.

எந்தெந்த நேரத்தில் ஒன்றுக்கு வருவார் என்று கணக்குப் போட்டுச் சமையலறைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். இன்று மதியம் 12:20. பிறகு மாலை 5:40. அந்த நேரம் வந்தால் எழுந்து போய் எங்கள் வீட்டு வாசல் கதவைத் திறந்து வைக்கிறேன். நாற்பது நிமிடம். ஏன் என்று வீட்டுக்காரர் கேட்டார். காற்று வரட்டும் என்றேன்.

யாரும் வந்ததில்லை.