பெண் பார்க்க வந்த அறக்கட்டளை

எண்பதுகளின் தொடக்கம். சங்கரன்கோவிலில் பிளஸ் டூ முடித்துவிட்டு, மார்க் ஷீட்டை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டு நான் வீட்டில் உட்கார்ந்திருந்த கோடை. பாளையங்கோட்டையில் ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கிடைத்துவிட்டது. ஹாஸ்டலில் தங்கிப் படிக்க வேண்டும். அதற்குத்தான் வீட்டில் வழியில்லை. அப்பா விசைத்தறிக் கூடத்தில் கூலிக்குத் தறி ஓட்டினார். எங்கிருந்தும் உதவி வராவிட்டால் அதே கூடத்தில் நூல் சுற்றும் வேலைக்கு என்னை அனுப்புவதாக முடிவாகியிருந்தது. முதலாளியிடம் சொல்லியும் வைத்துவிட்டார்கள்.

எங்கள் தலைமையாசிரியைதான் ஒரு விண்ணப்பத்தாளைக் கொடுத்து நிரப்பச் சொன்னார். மதுரையில் ஓர் அறக்கட்டளை, படிக்க வசதியில்லாத பெண்பிள்ளைகளுக்கு உதவுகிறார்களாம். உள்ளதை உள்ளபடி எழுதி அனுப்பினேன். இரண்டே வாரத்தில் பதில் வந்தது. எங்கள் பிரதிநிதி வருகிற சனிக்கிழமை காலை தங்கள் இல்லத்துக்கு நேரில் வந்து பார்ப்பார் என்று இரண்டு வரி. கடிதத்தின் தலையில் ‘கலை, பண்பாடு, கல்வி, சமுதாய வளர்ச்சி’ என்று அச்சிட்டிருந்தது. அந்த நாலு வார்த்தை எங்கள் தெருவைப் படுத்திய பாடு இருக்கிறதே!

“கலைன்னா நாடகம்லா? பிள்ளைய மேடையேத்தக் கூட்டிட்டுப் போயிருவானுவளோ?” என்று எதிர்வீட்டு டைலர் அண்ணாச்சி கிளப்பிவிட்டார். எலெக்‌ஷன் வரப்போகிறது, அதற்கு ஆள் பிடிக்கிறார்கள் என்றார் மூன்று வீடு தள்ளியிருந்த கம்பவுண்டர். எனக்கும் உள்ளூர ஒரே குறுகுறுப்புதான். முகம் தெரியாத ஒருவர் எனக்கு எதற்குக் கொடுக்க வேண்டும்? கொடுத்துவிட்டு என்ன கேட்பார்? தலைமையாசிரியையிடமே போய்க் கேட்டேன். அவர்கள் இடிந்த கல்மண்டபங்களைப் பழுது பார்ப்பார்கள், கூத்துக் குழுக்களுக்கு மேளம் வாங்கிக் கொடுப்பார்கள், ஊர்களில் படிப்பகம் வைப்பார்கள் என்று அடுக்கினார். சரி, மண்டபத்தையும் மேளத்தையும் பார்க்கிறவர்கள் என்னை எந்த வரிசையில் சேர்த்திருப்பார்கள் என்று குழம்பியபடியே வீட்டுக்கு வந்தேன்.

இந்த இடத்தில் எங்கள் தெரு வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். யார் வீட்டுக்காவது பெண் பார்க்க வந்தால் யாரும் யாரிடமும் எதையும் கேட்க வேண்டியதில்லை. டைலர் அண்ணாச்சி கடையிலிருந்து ஒயர் பின்னிய நாற்காலி தானாக வந்துவிடும். கம்பவுண்டர் வீட்டிலிருந்து டேபிள் பேன் வரும். பக்கத்து வீட்டு லாத்தாவிடமிருந்து, அவர் மகன் சவுதியிலிருந்து கொண்டுவந்த, பேட்டரியில் ஓடும் டேப்ரெக்கார்டரும் பூப்போட்ட கப்பும் சாசரும் வரும். கடையநல்லூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த அவரைத் தெருவே லாத்தா, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடும். வந்தவர்கள் காபி குடித்துவிட்டுப் போனதும் எல்லாம் அவரவர் வீட்டுக்குத் திரும்பிவிடும். தெருவில் பாதிக் கல்யாணம் இந்த நாற்காலியில்தான் நிச்சயமாகியிருக்கிறது.

‘பிரதிநிதி நேரில் வந்து பார்ப்பார்’ என்று கடிதத்தில் இருந்ததா? போதாதா! சனிக்கிழமை விடிந்ததும் நாற்காலி வந்தது, பேன் வந்தது, டேப்ரெக்கார்டரும் வந்தது. அம்மா கேசரி கிண்டினாள். என் தலையில் பிச்சிப்பூவை வைத்து, “வந்தவுக கால்ல விழுந்து கும்பிடுட்டி” என்று பாடம் நடத்தினாள். இது எதற்கு என்று நானும் கேட்கவில்லை. பிளஸ் டூவில் முதல் மார்க் வாங்கிய எனக்கே அது உறைக்கவில்லை, பாருங்கள். வீடு தேடி வருகிறவரைத் தரையில் உட்காரவைத்தால் மரியாதையா என்றுதான் எல்லோருக்கும் கவலை.

பத்து மணிக்கு வந்தது ஒரு அம்மா. முப்பத்தைந்து வயது இருக்கும். கைத்தறிப் புடவை, கண்ணாடி, தோளில் ஜோல்னாப் பை. யாரோ வேட்டி கட்டிய பெரிய மனிதர் வருவார் என்று பேச்சைத் தயார் செய்து வைத்திருந்த அப்பாவுக்கு அதெல்லாம் மறந்துபோனது. கண்ணாடியைப் பார்த்ததும் “வாங்க டீச்சர்” என்றார். அவரும் சிரித்துக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தார். நான் தட்டோடு வந்து காலில் விழுந்தேன். பாவம், பதறிப்போய் எழுந்துவிட்டார்.

புழுக்கமென்றால் அப்படியொரு புழுக்கம். நெற்றியைத் துடைத்தபடி டேபிள் பேனைப் பார்த்து, “இதைக் கொஞ்சம் போடலாமா?” என்று கேட்டார். எங்கள் வீட்டில் கரண்ட்டே கிடையாது. பேன் சும்மா அழகுக்கு நின்றது. அப்பா ஒரு நொடி விழித்தார். “இப்ப கரண்ட் இல்ல டீச்சர்” என்றார். தெருக்கோடியில் ஆறு விசைத்தறிகள் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது எல்லோர் காதிலும் விழுந்தது. அந்த அம்மா காதைத் தீட்டிக் கேட்டார். நோட்டைத் திறந்து ஏதோ எழுதினார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. விண்ணப்பத்தில் நான் எழுதியிருந்தது ஒரு வீடு, அவர் கண்ணெதிரே இருந்தது வேறொரு வீடு. வசதியை மறைத்துப் பொய் எழுதியவள் என்றல்லவா நினைப்பார்! அம்மாவைப் பார்த்தேன். அவள் பூப்போட்ட சாசரில் கேசரி வைத்துக்கொண்டிருந்தாள்.

“வீட்டுல ஏதும் கஷ்டம் உண்டாய்யா?” என்று அவர் அப்பாவிடம் நேராகவே கேட்டார். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வந்தவர் இப்படிக் கேட்டால் ஒரே பதில்தான் வரும். அடுப்பில் பூனை படுத்திருந்தாலும் அந்தப் பதில்தான். “உங்க புண்ணியத்துல ஒரு குறையும் இல்ல டீச்சர். நல்லா இருக்கோம்” என்றார் அப்பா. அந்த அம்மாவின் பேனா ஒரு கோடு இழுத்தது. அவர் நோட்டை மூடினார்.

என் படிப்பு அந்த நோட்டுக்குள் மூடிக்கொண்டது போல இருந்தது. அப்பாவின் மேல் வந்த கோபத்தில் கத்த வேண்டும் போலிருந்தது. ‘இதெல்லாம் எங்களுடையது இல்லை’ என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். சொன்னால், வெளியாள் முன்னால் அப்பா பொய்யராகிவிடுவார். தறிக்கூடத்தில் தாகத்துக்குக்கூட அடுத்தவர் செம்பைக் கேட்காத மனிதர் அவர். வாயைத் திறந்தேன், மூடினேன்.

அந்த நேரத்தில் வாசலில் லாத்தா வந்து நின்றார். முந்தானைக்குள் எதையோ வைத்துக்கொண்டு உள்ளே வரவும் முடியாமல் போகவும் முடியாமல் தவித்தார். அம்மா கண்ணைக் காட்டினாள். லாத்தா அசைவதாக இல்லை.

“என்னம்மா?” என்று அந்த அம்மாவே கேட்டார்.

“ஒண்ணுமில்லம்மா. சவுதியிலருந்து எம்மவன் பேசி அனுப்பியிருக்கான்” என்று முந்தானையிலிருந்து ஒரு கேசட்டை எடுத்துக் காட்டினார் லாத்தா. “இப்பத்தான் ஆள் கொண்டாந்து குடுத்துட்டுப் போறாவ. அவன் கொரலக் கேட்டு நாலு மாசமாச்சு.”

அந்தக் காலத்தில் அரபு நாட்டுக்குப் போன பிள்ளைகள் கடிதத்துக்குப் பதிலாகக் கேசட்டில் பேசி, ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்து அனுப்புவார்கள். அந்த அம்மா அதைக் கேள்விப்பட்டதே இல்லை போலிருக்கிறது. கிளம்ப எழுந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். “கேசட்டுலயே கடிதமா? இங்கேயே போடுங்களேன், நானும் கேக்கலாமா?” என்றார். லாத்தாவுக்கு அதற்குமேல் பொறுமை ஏது? ஓடிவந்து கேசட்டைப் போட்டுப் பொத்தானை அமுக்கினார்.

“அஸ்ஸலாமு அலைக்கும் உம்மா. நான் சொகமா இருக்கேன்” என்று ஆரம்பித்தது குரல். லாத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டார். சாப்பாடு, வெயில், கூட வேலை பார்க்கிறவர்கள் என்று கொஞ்ச நேரம் போனது. பிறகு வந்தது பாருங்கள்:

“உம்மா, ஒண்ணு சொல்லுதேன், கோவப்படாதிய. இந்த செட்ட பொண்ணு பாக்க வாற வீட்டுக்கெல்லாம் தூக்கிக் குடுக்காதிய. போன தடவ நான் வந்தப்ப மூடி ஒடஞ்சு கெடந்துச்சு. சேரு டைலரு வீட்டுது, பேனு கம்பவுண்டரு வீட்டுது, செட்டு நம்ம வீட்டுது. பொண்ணு மட்டுந்தான் அவுக வீட்டுது!”

லாத்தா பாய்ந்து பொத்தானை அமுக்கினார். அந்த அம்மா தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைக் குனிந்து பார்த்தார். பேனைப் பார்த்தார். அதன் ஒயர் எங்கே போகிறது என்று கண்ணாலேயே தேடிக்கொண்டு போனார். அது தரையில் விரித்திருந்த சாக்குக்கு அடியில் சுருண்டு கிடந்தது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

அப்பா எழுந்து நின்றார். தோள் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

“அந்தப் பையன் சொன்னது நெசந்தான் டீச்சர். ஒங்களக் கவுரவமா உக்கார வைக்கணும்னு நெனச்சோம், ஏமாத்த நெனைக்கல. வீட்டுல கரண்டு கெடையாது. இவள நூல் சுத்த அனுப்பப் போறேன்னு மொதலாளிகிட்டச் சொல்லிட்டேன். எனக்கு யார்கிட்டயும் கேட்டுப் பழக்கமில்ல. இப்பக் கேக்குதேன். எம்பிள்ள படிக்கணும். குடுங்க டீச்சர்.”

அவ்வளவுதான். அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். நான் அப்பாவின் காலருகே போய் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதேன். சற்றுமுன் அவரைத் திட்டிய மனசை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அந்த அம்மா ஆறுதலாக இரண்டு வார்த்தை பேசுவார் என்று பார்த்தேன். அவர் முகமோ வெளிறிப்போயிருந்தது. நோட்டை எடுத்தார், எங்கள் பக்கத்தைத் திருத்தினார். அதோடு விடாமல் முன்பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். “போன மாசம் கரிவலம்வந்தநல்லூர்ல ஒரு வீடு. அங்கேயும் ஒரு நல்ல நாற்காலி இருந்தது. மேலநீலிதநல்லூர்ல ஒரு பொண்ணு வீட்டுல ரேடியோ. ரெண்டு பேருக்கும் வசதி இருக்குன்னு எழுதிட்டேனே...” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு லாத்தாவைப் பார்த்து, “அம்மா, அவங்க ஊர்லயும் இப்படித்தானா?” என்று கேட்டார்.

“எல்லா ஊர்லயும் மனுசங்கதானம்மா இருக்காவ. வாறவுகள வெறுந்தரையிலயா உக்கார வைப்பாக?” என்றார் லாத்தா.

அந்த அம்மா தலையாட்டிக்கொண்டே கேசரியை முழுவதும் சாப்பிட்டார். மிச்சக் கேசட்டையும் போடச் சொல்லிக் கடைசி வரை கேட்டுவிட்டுத்தான் கிளம்பினார். மதுரை பஸ்ஸுக்குப் போகவில்லை. கரிவலம்வந்தநல்லூருக்குப் போகிற பஸ் எங்கே நிற்கும் என்று அப்பாவிடம் கேட்டுக்கொண்டு போனார்.

எனக்கு உதவி கிடைத்தது. பாளையங்கோட்டையில் ஹாஸ்டல் அறையில் என்னோடு தங்கியவள் கரிவலம்வந்தநல்லூர்ப் பெண். “எங்க வீட்டுக்கு ஒரு டீச்சர் ரெண்டாந்தடவையும் வந்தாவ. வந்ததும் இந்தச் சேரு யாருதுன்னு கேட்டாவ. எங்கம்மைக்கு மூச்சே நின்னு போச்சு” என்று அவள் முதல் வாரமே சொல்லிச் சிரித்தாள். முகம் தெரியாதவர்கள் எதற்குக் கொடுக்கிறார்கள் என்ற என் கேள்விக்கு விடை அவளிடமும் இல்லை. ஆனால் தான் எழுதியது தவறு என்று தெரிந்ததும் அந்த வெயிலில் திரும்பப் போனாரே, அந்த அம்மாவை நினைத்துக் கொள்வோம் இருவரும்.

நான் டீச்சராகிப் பல வருஷம் வேலை பார்த்து ஓய்வும் பெற்றுவிட்டேன். என் படிப்புக்கு யார் காரணம் என்று கேட்பவர்களிடம் அந்த அறக்கட்டளையின் பெயரை நன்றியோடு சொல்கிறேன். ஆனால் மனசுக்குள் எனக்குத் தெரியும்: வாழ்நாளில் யாரிடமும் கேட்டே அறியாத அப்பா, எனக்காகத் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்று கேட்டாரே, ‘குடுங்க’ என்ற அந்த ஒரு வார்த்தை, அதைவிடப் பெரிதாக எனக்கு இதுவரை யாரும் எதையும் கொடுத்ததில்லை.