இருட்டறையில் வெள்ளைச் சட்டை

அந்த மருத்துவமனையில் துணி துவைக்கும் மெஷினை ஓட்டுகிறவளுக்கு ‘சுடுதண்ணி’ என்று பட்டப்பெயர். மெஷினில் தண்ணீர் கொதிக்கும் முன்பே அவள் கொதித்துவிடுவாள். ஆனால் கை சுத்தம். மகளுக்குப் பிரசவமானபோதுகூட, கிழிந்து ஒதுக்கிய விரிப்பு ஒன்றை வீட்டுக்கு எடுத்துப் போனவள் இல்லை. அவளைப் போய்த் திருடி என்றார்கள்.

விரிப்புகள் அடுக்கும் அறையிலிருந்து புது விரிப்பு மூட்டை ஒன்று காணாமல் போயிருந்தது. ஜன்னலில்லாத அறை, விளக்கை அணைத்துவிட்டு யாரோ தூக்கியிருக்கிறார்கள். இருட்டிலும் பார்க்கிற கேமராவில் முகம் விழவில்லை, வெள்ளைச் சட்டை போட்ட முதுகுதான் விழுந்திருந்தது. அந்தப் பக்கம் வெள்ளை அங்கி போடுகிறவள் அவள் ஒருத்திதான். காவலாளிகளுக்கெல்லாம் கறுப்புச் சீருடை. காவல் சூப்பர்வைசருக்கு அது போதுமாம். துவைக்கும் கூடத்தில் எல்லார் முன்னாலும் சொன்னார்: “திருட்டுக் கை இங்க வேணாம். நாளைக்கு நீ வராதே.”

வயதில் அவளுக்குத் தம்பி மாதிரி. ‘வராதே’யாம்! அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“படத்தைக் காட்டுங்க. என் மூஞ்சி இருந்தா நானே போறேன்.”

கேமரா அறையில் எலெக்ட்ரீஷியன் படத்தை ஓட்டினார்.

“யார் முதுகையோ என் தலையில கட்டுறீங்களே.”

சூப்பர்வைசருக்கு ரோஷம் வந்துவிட்டது. “நீ எப்படி நின்னேன்னு நானே காட்டறேன்” என்று விரிப்பு அறைக்குப் போய், விளக்கை அணைத்துவிட்டு அலமாரி முன்னால் நின்றார். கறுப்புச் சீருடைக்காரர் திரையில் வெள்ளை வெளேரென்று நின்றார்.

“இது என்னங்க?”

எலெக்ட்ரீஷியன் தலையைச் சொறிந்தார். “அது அகச்சிவப்பு வெளிச்சம்க்கா. நம்ம கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். சில கறுப்புச் சாயம் அந்த வெளிச்சத்தை உறிஞ்சாம திருப்பி அனுப்பிடும். அதான் வெளுப்பாத் தெரியுது.”

“முன்னாடியே தெரியுமா உங்களுக்கு?”

“தெரியும். யாரும் கேக்கலையே.”

கேட்கவில்லையாம். ஒருத்தியின் பிழைப்பு போகிறது, இவரிடம் யாரும் கேட்கவில்லையாம். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

திரும்பி வந்த சூப்பர்வைசர் திரையில் தன் படத்தைப் பார்த்தார். “சரி சரி, போய் வேலையைப் பாருங்க.” இப்போது ‘பாருங்க’.

“எங்க வெச்சுத் திருடின்னீங்களோ அங்க வந்து சொல்லுங்க. இல்லேன்னா பெரிய டாக்டரைக் கூட்டிட்டு வந்து உங்களை மறுபடியும் அந்த இருட்டுல நிக்க வைப்பேன்.”

வந்தார். கூடத்தில் எல்லாரும் நிமிர்ந்தார்கள். தரையைப் பார்த்தபடி ஏதோ முணுமுணுத்தார்.

அவள் எட்டி மெஷினை அணைத்தாள்.

“இப்போ சொல்லுங்க. எல்லாருக்கும் கேக்கணும்.”